பன்னிரண்டு துண்டுகள்

கோப்பு பாதியிலேயே அறுந்துபோனது. இது நாலாவது தடவை.

லிஃப்ட் கம்பெனியின் உதவி மையத்தில் அவள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரி. நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்று முக்கால் மணி நேரம் ஆகிறது. உள்ளே ஒருத்தர் மாட்டியிருக்கிறார். லிஃப்ட் எதற்காக நின்றது என்பது அதன் பதிவுக் கோப்பில் இருக்கும். அது முழுசாக வந்து சேர்ந்தால்தான் அவளால் ஏதாவது சொல்ல முடியும்.

அனுப்புகிறவன் மெக்கானிக். லேப்டாப்பை லிஃப்டோடு இணைத்துக்கொண்டு அங்கேதான் இருக்கிறான். போன் போட்டால் கிடைக்கவில்லை, மெசேஜ் மட்டும் வந்தது.

"இங்க சிக்னல் சரியில்ல மேடம். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"மேல போய் மோட்டார் சக்கரத்தக் கையால சுத்தி இறக்கிடலாமே?"

"அதுக்கு இப்ப வழியில்ல."

ஏன் வழியில்லை என்று சொன்னால் என்னவாம்? சரியான கல்லுளிமங்கன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அடுத்து அவன் செய்த வேலையில் அசந்துபோனாள். கோப்பைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, நம்பர் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினான். ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று கூடவே ஒரு மெசேஜ். ஏழாவது குறைவாக வந்திருந்தது. அவள் சொல்வதற்குள் அவனே கண்டுபிடித்து மறுபடி அனுப்பினான்.

அடேயப்பா! பதினைந்து வருஷமாக எத்தனை மெக்கானிக்குகளைப் பார்த்துவிட்டாள். மங்கலாக ஒரு போட்டோவை அனுப்பிவிட்டு, "என்னன்னு சீக்கிரம் பாருங்க" என்று சத்தம் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மாட்டியிருப்பவரைப் பற்றிய படிவத்தைக்கூட விடாமல் நிரப்பியிருந்தான். வயது முப்பத்தெட்டு. நோய் எதுவும் இல்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை. கதவிடுக்கு வழியாக இவ்வளவும் விசாரித்திருக்கிறானே, எவ்வளவு நல்ல மனசு!

பதறிக்கொண்டிருந்தது அவள்தான். "அவர் எப்படி இருக்காரு?"

"தெம்பா இருக்காரு. நீங்க நிதானமாப் பாருங்க."

பன்னிரண்டையும் ஒட்டிப் படித்தாள். ஐந்தாம் மாடிக் கதவு திறந்திருப்பதாக அதன் சென்சார் சொல்லியிருக்கிறது, லிஃப்ட் அதை நம்பி நின்றிருக்கிறது. சென்சார் சொன்னது பொய்யாக இருந்தால் நல்லது. கதவு நிஜமாகவே திறந்திருந்தால், லிஃப்டை நகர்த்துவது ஆபத்து.

கேட்டாள். "வாட்ச்மேன் தள்ளிப் பாத்துட்டாரு, இறுக்கமா மூடித்தான் இருக்கு" என்று பதில் வந்தது.

அந்தச் சென்சாரை ஒரே ஒரு தடவை கணக்கில் எடுக்காமல், நாலாம் மாடிக்கு மெதுவாக இறங்கச் சொல்லும் கட்டளையை எழுதினாள். மூன்று முறை சரிபார்த்தாள். தப்பாகப் போனால் ஓர் உயிர். அனுப்பினாள்.

ஐந்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை.

பிறகு போன் அடித்தது. மெக்கானிக்தான். இப்போதுதான் முதல் தடவையாக அவன் குரலைக் கேட்கிறாள். பின்னால் நிறையப் பேர் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கதவு திறந்துடுச்சு மேடம்!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கள மாதிரி ஓர் ஆள நான் பாத்ததே இல்ல தம்பி. முதல்ல உள்ள இருந்தவருக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க."

"குடிச்சுட்டுத்தான் மேடம் பேசறேன்."