கருகிய பிளம்

"ஆர்லீன், இதுல என்ன வாசனை வருது?" என்று கணவன் ஓரெஸ்ட் கேட்டபோது, ஒயின் கோப்பை அவன் மூக்குக்கு நேரேதான் இருந்தது.

ஆர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காலையில் பென்டிக்டன் ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து இதே பாட்டு. ஏரிக்கரைச் சரிவில் ஏறிவந்த ஒவ்வொரு ஒயின் தோட்டத்திலும் ருசிபார்க்க ஊற்றிக்கொடுத்தபோது அவளைத்தான் கேட்டான். அவள் முதல் வாய் குடித்து, யோசித்து, எலுமிச்சைத் தோல் என்றோ ஈரக் கல் என்றோ சொல்லுவாள். உடனே அவன் ஊற்றிக்கொடுப்பவரிடம் திரும்பி, ஏதோ தானே கண்டுபிடித்ததைப்போல அதை அப்படியே ஒப்பிப்பான்.

ஒயின் மட்டுமா? சாலையோரப் பழக்கடையில் வாய் நிறைய செர்ரியை அடக்கிக்கொண்டு, "இது எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"உன் வாயிலதானே கிடக்கு, என்னைக் கேக்கறே?"

கடைக்காரி சிரித்துவிட்டாள். ஓரெஸ்ட்டும் சிரித்தான். ஆர்லீனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சொந்த ஊர் சாஸ்கட்டூனிலிருந்து இரண்டு நாள் வண்டியோட்டி வந்தது இதற்குத்தானா? இந்த வருஷம் வேண்டாம், வீட்டுக்கூரையை முதலில் பார்ப்போம் என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். கேட்டால்தானே. ஏரியைப் பார்த்த அறை, இந்த ஒயின் சுற்று எல்லாவற்றையும் அவனாகவே ஏற்பாடு செய்துவிட்டு, வண்டியில் பெட்டியை ஏற்றிய பிறகுதான் அவளிடம் சொன்னான்.

அடுத்த கோடைக்கு ஹாலிஃபாக்ஸில் இருக்கும் தங்கையிடம் தனியாகப் போய்விடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். இன்று சாப்பாட்டின்போது அதை அவனிடம் சொல்லிவிடுவதாகவும் இருந்தாள்.

"சொல்லேன், ஆர்லீன்."

அவள் தன் கோப்பையைத் தொடவே இல்லை.

"கருகின பிளம்" என்றாள். வாய்க்கு வந்ததுதான். "கொஞ்சம் பழைய தோல் செருப்பு."

ஓரெஸ்ட் மெதுவாகத் தலையாட்டினான். கோப்பையைச் சரித்து ஒரே மடக்கில் குடித்து முடித்தான். பிறகு, ஒயின் ஊற்றும் மேடைக்குப் பின்னால் நின்ற இளம்பெண்ணிடம், "அருமை. கருகின பிளம். அப்புறம் அந்தத் தோல் வாசனை இருக்கே..." என்றான்.

அந்தப் பெண்ணுக்கு அதைக் காதில் வாங்க நேரமில்லை. கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டமாக மணப்பெண் ஒருத்தி, இளஞ்சிவப்பு நாடா அணிந்த தோழிகள் புடைசூழக் கூச்சலோடு உள்ளே வந்திருந்தாள். அதே பாட்டிலிலிருந்து அவர்களுக்கும் ஊற்றினாள்.

மணப்பெண் ஒரு வாய் குடித்தாள். குடித்த வேகத்தில் துப்பினாள்.

"உவ்வே! வினிகர்டி இது!"

இளம்பெண் பாட்டிலை முகர்ந்தாள். முகம் சிவந்துபோனது. என்றைக்கோ திறந்து வெயிலில் கிடந்த பாட்டில், கூட்ட அவசரத்தில் பார்க்காமல் எடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சினாள்.

ஆர்லீன் தன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். முகரக்கூட வேண்டியிருக்கவில்லை. நெடி கண்ணைக் கரித்தது.

அவள் ஓரெஸ்ட்டின் கோப்பையைப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

ஜனவரியில் அவனை அப்படிப் போட்டு வாட்டியெடுத்த காய்ச்சல் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், திரிந்துபோன பாலை ஊற்றிய காப்பியை அவன் பேப்பர் படித்தபடியே குடித்தது. அவள் பிறந்தநாளன்று, சர்க்கரை போட மறந்த கேக்கைக் கேட்டு வாங்கி இன்னொரு துண்டு தின்றுவிட்டு "அருமை" என்றது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்து ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தாள்.

கிண்டல் இல்லை. அவனுக்கு வாசனையும் ருசியும் தெரியவே இல்லை.

தோழிகளில் ஒருத்தி ஓரெஸ்ட்டைக் கைகாட்டினாள். "இந்த மனுஷன் முழுசா குடிச்சிட்டாருடி! கருகின பிளம்னு வேற சொல்லிட்டிருந்தாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேடைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கும் சிரிப்பை அடக்கமுடியாமல் உதடு துடித்தது.

ஓரெஸ்ட்டும் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியதோடு நின்றுவிட்டது. கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். காதுமடல்கள் சிவந்திருந்தன.

"கருகின பிளம்னு சொன்னது நான்தான்" என்றாள் ஆர்லீன்.

அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பின.

அவள் கோப்பையை எடுத்தாள். நாக்கு சுருண்டது, தொண்டை எரிந்தது. நிறுத்தாமல் கடைசிவரை குடித்தாள். கண்ணில் நீர் முட்டியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, காலிக் கோப்பையை மேடைமேல் வைத்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

இப்போது எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இளம்பெண் சிரிப்பதா, மறுப்பதா என்று தெரியாமல் பாட்டிலைச் சரித்தாள்.

ஓரெஸ்ட் மெல்லத் தன் கோப்பையையும் முன்னால் நகர்த்தினான்.

ஆர்லீன் அதை வெடுக்கென்று பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"உனக்கு ஒண்ணும் வேண்டாம். வண்டி யார் ஓட்டுறது, உங்க அப்பனா?"

குரலில் காலையிலிருந்த அதே எரிச்சல் கொஞ்சமும் குறையாமல் பார்த்துக்கொண்டாள்.