வெளிச்சக் கம்பு

மேடை விளக்குகள் அணைந்ததும் நதியா கம்பைக் கையில் எடுத்தாள். அவளே எல்.இ.டி. பதித்து, புரோகிராம் எழுதிச் செய்த சிலம்பக் கம்பு அது. வேகமாகச் சுழற்றினால் காற்றில் எழுத்து தெரியும்.

நாளை நிச்சயதார்த்தம் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாய் திறந்தாலே அதட்டும் அப்பா நாகராஜ், மேடையில் அவளுக்குப் பின்னால் நின்றார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழற்றினாள்.

மாப்பிள்ளையின் அம்மா கைதட்டினாள். "கோலம் போட்டாப்ல அழகா இருக்குத்தா! எழுத்துதான் ஒண்ணும் புரியல."

நதியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பதற்றத்தில் கம்பை எதிர்ப்பக்கமாகச் சுழற்றிவிட்டாள். முன்னால் இருப்பவர்களுக்கு எழுத்து இடவலமாக மாறியிருக்கும். பின்னால் நிற்பவருக்கு மட்டுமே நேராகத் தெரிந்திருக்கும்.

அப்பா அவளை விலக்கிக்கொண்டு முன்னே வந்து கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கங்க. இந்தக் கல்யாணம் வேணாங்குது எம்பொண்ணு. நானே இப்பத்தான் வாசிச்சேன்."