இன்னும் மஞ்சள் ஆகல

"தொட்டி ஜோரா இருக்கு. மீனெல்லாம் எங்க, லீவுல போயிருக்கா?"

விருந்துக்கு வந்த சக ஊழியர் கேட்டதும் ஹாலே சிரித்தது. எக்ஸ்பிரஸும் சிரித்து வைத்தான். உள்ளுக்குள் மானம் கப்பலேறியது.

எதிலும் அவசரக் குடுக்கை என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். ஆசை ஆசையாக இந்தக் கடல்மீன் தொட்டியை வாங்கி வந்தவன் அவன்தான். உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், பவளப்பாறைக் கல், விளக்கு, மோட்டார் எல்லாம் வந்தாயிற்று. மீன் மட்டும் வந்தபாடில்லை.

மீனின் கழிவு தண்ணீரில் விஷமாக மாறும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் முதலில் கல்லிலும் மணலிலும் பெருக வேண்டும். அதுவரை எந்த மீனை விட்டாலும் பாடைதான். கடைக்காரர் இதையெல்லாம் விளக்கியபோது எக்ஸ்பிரஸ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கொடுத்துக் கேட்டவள் அவன் மனைவி.

அவள்தான் தொட்டியில் ஒரு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டாள். நுண்ணுயிர்களுக்கு அதுதான் முதல் சாப்பாடாம். காலையில் கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பாள். பச்சையானால் விஷம் இருக்கிறது. மஞ்சளானால் மீன் விடலாம்.

சோதனைக்குக் கூட்டு, அவள் மாமனார். தன் மனைவி காலமான பிறகு மகன் வீட்டுக்கு வந்தவர். வந்த புதிதில் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் அறையே கதி என்று கிடந்தார். இப்போது காலையானால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொட்டி முன்னால் ஆஜர்.

"அம்மாடி, இது பச்சைதானே?"

"ஓரத்துல லேசா பச்சை அடிக்குது மாமா."

"அப்ப நாளைக்குப் பாப்போம்."

அதற்குப் பிறகு காப்பி, பேப்பர், ஊர்க்கதை.

அன்று விருந்தினர் வாசல் தாண்டியதும் எக்ஸ்பிரஸ் எகிறினான்.

"ஒரே ஒரு மீனை விடு. செத்தா வேற வாங்கிக்கலாம்."

"உயிருங்க அது! கொஞ்சம் பொறுத்தா குடியா முழுகிடும்? பொறுத்தார் பூமியாள்வார்னு சொல்லுவாங்க."

"நான் பூமியைக் கேக்கல. மீனைத்தான் கேக்கறேன்."

"தண்ணி இன்னும் மஞ்சள் ஆகலைங்க" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள்.

மீன் வளர்க்கத் தெரியாத கூட்டணி என்று எக்ஸ்பிரஸ் முடிவு கட்டினான். மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனான்.

கடைக்காரர் சொட்டு விட்டுக் குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலுமிச்சம்பழம் மாதிரி பளிச்சென்று மஞ்சள்.

"இது எப்பவோ தயாராயிருக்கணும் சார். மத்த சோதனையும் சுத்தம். ஏன் இன்னும் மீன் விடாம வச்சிருக்கீங்க?"

எக்ஸ்பிரஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி மீனை வாங்கினான். காற்றடைத்துக் கட்டிய பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது ஹாலில் அப்பா மட்டும்தான் இருந்தார்.

"என்னப்பா, ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? தண்ணி மஞ்சளா இருக்கு!"

"மெதுவா பேசுடா. அவ மொட்டை மாடில துணி காயப்போட்டுட்டிருக்கா." அப்பா அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. மஞ்சளாகி ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் எதுக்கு பச்சை, பச்சைன்னு?"

"உனக்கு மாற்றல் வந்துச்சுன்னு டீச்சர் வேலையை உதறிட்டு உன் பின்னாலயே வந்த பொண்ணுடா அவ. இந்த ஊர்ல அவளுக்குன்னு பேச யாரு இருக்கா? நீ போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது. இந்தக் குழாயைச் சாக்கா வச்சு காலைல என்கிட்ட நாலு வார்த்தை பேசிச் சிரிக்குறா. மஞ்சள்னு சொல்லிட்டா அதுவும் போச்சு."

எக்ஸ்பிரஸ் தலை குனிந்தான்.

"அவ கண்டுபிடிக்கலையாப்பா?"

"பெரியவங்க சொன்னா மறுத்துப் பேச மாட்டாடா. நான் பச்சைன்னா அவளுக்கும் பச்சை. வெள்ளந்தி!" அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவகிட்ட மூச்சு விட்டுடாத."

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் மெல்ல எழுந்தான். கடைக்கே திருப்பிக் கொண்டுபோய் விடலாம் என்று சமையலறை வழியாகப் பின்வாசலுக்கு நழுவினான். இனிமேல் சீக்கிரமாக வீட்டுக்கு வரவேண்டும் என்றும் நினைத்துக்கொண்டான்.

காலி வாளியோடு மாடியிலிருந்து இறங்கி எதிரே வந்து நின்றாள் மனைவி. அவள் கண் நேராகப் பையில் விழுந்தது.

"ஐயையோ, யாரு உங்களை இதை வாங்கச் சொன்னது?"

"இல்லம்மா, தண்ணி இன்னும் பச்சைதான். தெரியாம வாங்கிட்டேன். திருப்பிக் குடுக்கத்தான் போறேன்."

அவள் ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பச்சையாவது ஒண்ணாவது! அது மஞ்சளாகி எவ்வளவு நாளாச்சு. அந்த நுண்ணுயிருங்க பட்டினில செத்துடக் கூடாதேன்னு தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டுக் காப்பாத்திட்டிருக்கேன். மாமாவுக்குப் பாவம், கண்ணு சரியாத் தெரியல. தெரிஞ்சுட்டா சோதனை முடிஞ்சுதுன்னு மறுபடியும் ரூமுக்குள்ள போய்ப் படுத்துடுவாருங்க!"