சுவைஞர் பட்டம்

அத்திமரத்தில் எல்லாரும் அணிலைச் "சுவைஞர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நல்லது என்று சொல்லாமல் யாரும் எதையும் கடிப்பதில்லை.

அத்திப்பழம் தீர்ந்துபோன சமயம், மரத்தில் படர்ந்த புதுக்கொடி ஒன்றில் சிவப்பாய்ப் பழங்கள் தொங்கின. எல்லாருக்கும் பசி. அணில் பழத்தை மோந்தார், கீழே ஓடினார், மேலே ஓடினார், மறுபடியும் மோந்தார். வால் நிற்காமல் துடித்தது.

"என்னண்ணே, திங்கலாமா?" என்றது மைனா.

"இரு, யோசிக்கிறேன்ல!"

"இந்தச் சுவைஞர்ங்கிற பேரு எப்படிண்ணே வந்துச்சு?"

அணில் கொஞ்சம் நிமிர்ந்தார். "எங்க பாட்டனாருக்கு வச்ச பேரு. யாருக்குமே தெரியாத காயை அவர்தான் முதல்ல கடிச்சார். வயிறு வீங்கிக் கிடந்துகிட்டே, 'இதைத் தொடாதீங்க'ன்னு கத்தினார்."

"அப்ப நீங்களும் கடிச்சுப் பாருங்களேன்."

"எனக்கு ஏதாவது ஆயிட்டா, அப்புறம் இங்கே ருசி சொல்ல யார் இருக்கா?"

மைனா பறந்துபோய் ஒரு பழத்தைக் கொத்தி விழுங்கியது. மரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"புளிக்குது," என்றது மைனா. "ஆனா நல்லாத்தான் இருக்கு."

அணில் உச்சிக்கிளைக்கு ஓடினார். "புளிப்புதான்! ஆனால் உயர்ந்த ரகப் புளிப்பு!"

"சுவைஞரே சொல்லிட்டார்!" என்று எல்லாரும் கொடிமேல் பாய்ந்தார்கள்.

மைனாவுக்கு இரண்டாவது பழம் கிடைக்கவில்லை.