ஒன்றரை அங்குலக் குழாய்

ஊரிகம் லைன் வீடுகளில் குடம் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வரும் ஒரே ஆம்பளை ஏகநாதன்தான்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும், மனைவி மங்கம்மாவின் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெண்கள் சிரிப்பார்கள். மங்கம்மாவுக்கோ பற்றிக்கொண்டு வரும். பின் லைனில் இருக்கும் மகள் பத்மாவும் அந்தக் குழாய்க்குத்தான் வருவாள். வால்டரைக் கட்டிக்கொண்டு போனவளோடு பேச்சுவார்த்தையே கூடாது என்று சட்டம் போட்ட மனுஷன், இப்போது கண்ணால் பார்க்கிற வழியையும் அடைத்துவிட்டாரே!

"முழுகாம இருக்காளாம். மொகத்தையாச்சும் பாத்துட்டு வரேனே" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"அவ பேரை எடுக்காதே" என்றார். அத்தோடு சரி.

அன்று லைனுக்கு ஓவர்சியர் வந்தார். கூட்டம் கூடியது. மங்கம்மாவின் கண் கூட்டத்தில் பத்மாவைத் தேடியது. வரவில்லை.

"ஒரு அங்குலக் குழாயை எடுத்துட்டு ஒன்றரை அங்குலம் போடப்போறோம். சம்மதம்தானே?"

ஏகநாதன் விரல் மடக்கினார். "விட்டம் பாதி ஜாஸ்தி. தண்ணியும் அம்பது பர்சன்ட் ஜாஸ்தி. சரி, போடுங்க."

"அம்பது இல்லீங்க!" ஓவர்சியர் குஷியாகச் சாக்பீஸால் சுவரில் வட்டம் போட்டார். "வட்டத்துக்கு விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கணும். ஒன்றரை பெருக்கல் ஒன்றரை, ரெண்டேகால். பழசு ஒண்ணுதான். ஆக, பரப்பளவு நூத்தி இருபத்தஞ்சு பர்சன்ட் ஜாஸ்தி! பாதி நேரம்கூட ஆகாது, குடம் ரொம்பிடும். இனிமே க்யூவே இருக்காது!"

பெண்களுக்கு வாயெல்லாம் பல். ஏகநாதனின் முகம் தொங்கிப்போயிற்று.

"வேணாம். பழைய குழாயே இருக்கட்டும்."

"இன்னா மாமா இது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா. "அம்பதுன்னா சரி, அதுக்கு மேலன்னா வேணாமா?"

"வேணாம்னா வேணாம்!"

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மானம் போன மங்கம்மா அவரை வீட்டுக்குள் இழுத்துவந்தாள்.

"ஊரே குடிக்கிற தண்ணியில உனக்கு இன்னாய்யா வயித்தெரிச்சல்? குடத்தைக் குடு. இனிமே நானே போறேன்."

அவர் விடவில்லை. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அம்பதுன்னா கொஞ்ச நேரமாச்சும் க்யூவுல நிக்கும். க்யூவே இல்லேன்னா வந்ததும் ரொப்பிக்கினு பூடும். அப்புறம் எம் பொண்ணை நான் எப்படிடி பாக்கறது?"