நாற்பதாம் பக்கத்து வயலின்

"வாத்தியார் நம்ம மூளையைத் திருடித் தன் பேர்ல புத்தகம் போடப் போறார், பாத்துக்கிட்டே இருங்க" என்றார் தையற்கடைக்காரர்.

இசை ரசிகர் வட்டத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதம் ஒரு இசைப் புத்தகத்தை வட்டத்துக்குச் சிபாரிசு செய்வது கணக்கு வாத்தியாரின் பொறுப்பு. ஒரு வருஷமாக மனிதர் கூட்டத்துக்கே வருவதில்லை. போனையும் எடுப்பதில்லை. ஆனால் சிபாரிசு மட்டும் குறுஞ்செய்தியில் தவறாமல் வந்துவிடும், கூடவே வீட்டுப்பாடமும்.

'நாற்பதாம் பக்கத்தில் வரும் வயலின் இசைத்தட்டைப் போட்டுக் கேளுங்கள். எப்படி இருந்தது என்று விவரமாகக் கடிதம் போடுங்கள்.'

போட்ட கடிதமெல்லாம் எங்கே போகிறது? கேட்டால் பதிலே வராது.

தையற்கடைக்காரர் சும்மா விடுகிற ஆளா? புத்தகத்தைப் பிரிக்கவில்லை, இசைத்தட்டைத் தொடவில்லை. ஒரு சட்டைக்குக் காஜா எடுக்கிற நேரத்துக்குள் இரண்டு பக்கம் அளந்துவிட்டார். வயலின் தகரக் கூரையில் மழை மாதிரி இறங்கியதாம். நடுவில் ஓரிடத்தில் மூச்சுவிட மறந்து நின்றதாம். எல்லாம் பச்சைப் புளுகு. இது வாத்தியார் பெயரில் அச்சாகட்டும், அன்றைக்கு மானத்தை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

இரண்டு மாதம் பொறுத்தார். அதற்குமேல் முடியாமல் ஒரு ஞாயிறு காலை நேராக வீட்டுக்கே போய்விட்டார்.

வாத்தியாரின் மனைவிதான் கதவைத் திறந்தார். வாத்தியார் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் தடித்த நோட்டு. அதில் ஒட்டியிருந்தது தையற்கடைக்காரரின் கடிதம்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

"இதையெல்லாம் எதுக்கு சார் சேத்து வைக்கிறீங்க?" என்று அதட்டினார்.

வாத்தியார் திரும்பவே இல்லை.

"அவருக்குக் கேக்காதுங்க" என்றார் மனைவி. "காது சுத்தமாப் போய் ஒரு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

தையற்கடைக்காரர் மெல்ல வாசல் பக்கம் நகரப் பார்த்தார்.

மனைவி தோளைத் தொட்டதும் வாத்தியார் திரும்பினார். வந்திருப்பது யாரென்று பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நோட்டில் அந்த மழை வரியைத் தொட்டுக் காட்டினார்.

"மத்தவங்க 'நல்லா இருந்துச்சு'ன்னு ஒத்தை வரியில முடிச்சுட்டாங்க. நீங்க எழுதினதைப் படிச்சப்பதான், ஒரு வருஷத்துக்கு அப்புறம், எனக்கு வயலின் கேட்டுது."