கமலாதேவி கேட்ட கியர்

"எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். ஓட்டோ கியர் இருந்தாக் காணும்" என்றாள் கமலாதேவி.

யாழ்ப்பாணத்துக் கார் விற்பனை நிலையத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவள் கணவர் வல்லிபுரத்துக்குச் சுருக்கென்றது. குருநாகலுக்கும் கரம்பொனுக்கும் முப்பது வருடம் லொறி ஓடியவர். அவருக்கா கியர் போடத் தெரியாது?

"தம்பி, அந்தக் கடுதாசியை நீரே வாசியும். கண்ணாடியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன்."

விற்பனையாளன் சிவகரன் வாசித்தான். "ஒரே விலையில ரெண்டு பக்கேஜ் ஐயா. ஒண்டு கை கியர். அதோட தோல் சீற், பின்னுக்குப் பார்க்கிற கமரா, மேல திறக்கிற கண்ணாடி எல்லாம் வரும். மற்றது ஓட்டோ கியர். கிளச் இல்லை, கியர் தானா மாறும். ஆனா அந்தச் சாமான் ஒண்டும் வராது."

"பிறகென்ன யோசனை? முதல் பக்கேஜ்."

"இஞ்சருங்கோ, ஓட்டோ எண்டால் சுகமெல்லோ..."

"கார் ஓடப்போறது நானோ நீரோ?"

சிவகரன் சிரித்தான். கமலாதேவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

வல்லிபுரத்துக்கு எல்லாம் விளங்கியது. மண்டைதீவில் இவளுடைய அக்கா ஓட்டோ கியர்க் கார் வாங்கியதிலிருந்து, சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி அங்கே போய்விடுகிறாள். அக்காவிடம் இருப்பது தனக்கும் வேண்டுமாம். இந்த வயதிலும் என்ன போட்டியோ!

"ஐயாவைப் போல நல்லா வாகனம் ஓடுற ஆக்களுக்குக் கை கியர்தான் சரி" என்றான் சிவகரன்.

வல்லிபுரம் மீசையைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எங்கே போடுவதென்று சிவகரன் விரல் வைத்துக் காட்டினான்.

நாலு மாதத்தில் கார் வந்தது. முதல் நாளே படலைத் தூணில் உரசிற்று. தூணைக் கட்டிய மேசன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அடுத்த கிழமை, பட்டப்பகலில், சைக்கிளில் போன ஒரு மனிசன் மயிரிழையில் தப்பினான். அன்றைக்குத்தான் வல்லிபுரம் பயந்தார்.

"இனி நீங்கள் கார் ஓடவே கூடாது" என்றார் கண் டொக்டர். "மாசம் ஒருக்கா வந்து கண்ணுக்குள்ள ஊசி போடவேணும். தவறவிட்டால் இருக்கிற பார்வையும் போயிடும்."

இருவரும் பஸ்ஸில் இடிபட்டு வீடு வந்தார்கள். புதுக் கார் முற்றத்தில் படங்கு மூடிக் கிடந்தது.

டொக்டர் எழுதித் தந்த துண்டை அலுமாரியில் வைக்கும்போது வல்லிபுரத்தின் கையில் ஒரு அட்டை தட்டுப்பட்டது. யன்னலோரம் பிடித்துப் பார்த்தார். மனைவியின் படம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"இதென்னப்பா? வாசியும் பாப்பம்."

கமலாதேவி தயங்கித் தயங்கி வாசித்தாள். "சாரதி அனுமதிப்பத்திரம். கமலாதேவி வல்லிபுரம். ஓட்டோ கியர் வாகனம் மட்டும்."

"எப்ப எடுத்தனீர்?"

"கார் வாங்கப் போறதுக்கு முந்தின மாசம். சனிக்கிழமையில அக்காட காரிலதான் பழகினனான். கிளச் மிதிச்சு ஓட எனக்கு ஏலாமப் போச்சு."

இவளை எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டோம் என்று வல்லிபுரத்தின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"அண்டைக்கு அங்க வைச்சே சொல்லியிருக்கலாமேயப்பா!"

"உங்களுக்குக் கண் தெரியேல்லை எண்டு அந்தப் பொடியனுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது?"